ஃப்ளூ ஊசி போடுவதா, விடுவதா: சென்னை வீட்டுக்கு ஒரு கணக்கு

ஐப்பசி மழையில் வீட்டில் ஒருவர் படுத்த பிறகுதான் பல குடும்பங்களில் ஃப்ளூ ஊசிப் பேச்சே எழுகிறது. அது பிந்திய பேச்சு. ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். ஒரே வீட்டில் புழங்குபவர்களுக்கு ஃப்ளூ தொற்றிக்கொள்ள இரண்டு மூன்று நாளே போதும்.

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இந்த ஊசி கிடையாது. போலியோ சொட்டு மருந்துக்குக் கூப்பிடுவதுபோல யாரும் கூப்பிட மாட்டார்கள். செலவும் நம் கையிலிருந்துதான். ஆகவே முடிவெடுக்கும் வேலை முழுக்க வீட்டின் தலையில் விழுகிறது. அங்கே பெரும்பாலோர் "எனக்கு இது தேவையா?" என்று தனி ஆளாக யோசித்து, "நமக்கென்ன, கல்லு மாதிரி இருக்கோம்" என்று விட்டுவிடுகிறார்கள். "இந்த வீட்டுக்குள் ஃப்ளூ நுழைந்தால் யார் ஆஸ்பத்திரியில் படுப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு பெயர் பதிலாக வந்தால், ஊசியைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டும். எந்தப் பெயரும் வராவிட்டால், இது செலவும் சௌகரியமும் சார்ந்த விஷயம் மட்டுமே.

எது ஃப்ளூ ஊசி, எது இல்லை

கணக்குக்குப் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் 'ஹீமோபிலஸ் இன்ஃப்ளூயன்ஸே பி' என்றோ, சுருக்கமாக 'ஹிப்' என்றோ எழுதியிருக்கும். 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்குள் அடங்கியது அது. இன்ஃப்ளூயன்ஸா என்ற பெயரைப் பார்த்து, ஃப்ளூ ஊசி போட்டாகிவிட்டது என்று நினைக்கும் பெற்றோர் நிறையப் பேர். ஹிப் ஒரு பாக்டீரியா, ஃப்ளூ வைரஸ்; பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டு உறவு இல்லை.

வயதானவர்களுக்குப் போடும் 'நிமோனியா ஊசி' நியூமோகாக்கல் கிருமிக்கானது. அதுவும் தேவைதான், ஆனால் அது வேறு. கொரோனா ஊசியும் வேறு. காய்ச்சலோடு கிளினிக் போனபோது இடுப்பில் போட்ட ஊசி, காய்ச்சலைக் குறைக்கும் மருந்து; அது தடுப்பூசியே இல்லை. "போன மாசம்தான் டாக்டர் ஊசி போட்டாரே" என்று சொல்லும் பெரியவர்களிடம் எந்த ஊசி என்று ஒரு முறை விசாரித்துவிடுங்கள். பன்றிக்காய்ச்சலுக்குத் தனி ஊசி தேடவும் வேண்டாம். 2009-இல் உலகம் முழுக்கப் பரவிய அந்த எச்1என்1 வகை இப்போது வழக்கமான ஃப்ளூ ஊசிக்குள்ளேயே இருக்கிறது.

டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு எதையும் இது தடுக்காது. சாதாரண மூக்கொழுகல் சளியையும் தடுக்காது. மழைக்காலத்தில் சென்னையில் இவை எல்லாம் ஒன்றாகச் சுற்றுவதால், ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வரும். "ஊசி போட்டும் வந்துவிட்டதே" என்ற பேச்சில் பாதி இந்தக் கணக்கில் சேரும்.

பலன் எவ்வளவு என்பதை நேராகப் பார்ப்போம்

ஊரில் சுற்றும் வைரஸும் ஊசியில் உள்ள வகையும் நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில், ஃப்ளூவால் டாக்டரிடம் போகும் நிலை 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. பொருந்தாத ஆண்டில் இன்னும் குறைவு. இதை வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். ஊசி போடாத 100 பேரில் 10 பேர் அந்த ஆண்டு ஃப்ளூவுக்காக டாக்டரிடம் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் போட்டிருந்தால் அது ஏறக்குறைய 5 ஆகும். மீதி 95 பேருக்கு வித்தியாசம் கண்ணில் படாது.

முப்பது வயது, நோய் எதுவும் இல்லை, வீட்டில் குழந்தையோ முதியவரோ இல்லை என்றால், இந்தக் கணக்கைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்வதில் எந்தத் தப்பும் இல்லை. அவருக்கு ஃப்ளூ என்றால் மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் அசதி, சில நாள் லீவு. அதைத் தவிர்க்க இவ்வளவு பணம் கொடுக்கலாமா என்பது அவரவர் விருப்பம். ஓ.எம்.ஆர். பக்கம் கம்பெனி முகாமில் இலவசமாகப் போட்டால் போட்டுக்கொள்ளலாம். அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

சர்க்கரையும் இதய நோயும் உள்ள 68 வயதுக்காரருக்கு இதே சதவீதத்தின் எடை வேறு. அவருக்கு ஃப்ளூ காய்ச்சலோடு நிற்பதில்லை. நிமோனியா, ஐ.சி.யூ., சர்க்கரை எகிறுதல் என்று சங்கிலியாகப் போகும். ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்காவதாக 2018-இல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. வயதானவர்களுக்குத் தொற்றைத் தடுக்கும் திறன் இளையவர்களைவிடக் குறைவு என்பதும் உண்மைதான். ஆனாலும் வந்த ஃப்ளூ ஆஸ்பத்திரி வரை இழுக்காமல் காப்பதில்தான் அவர்களுக்கு இந்த ஊசியின் பயன் இருக்கிறது.

வீட்டில் யாருக்கு முதலில்

ஆபத்து உள்ளவர்கள் என்று மருத்துவம் கணக்கில் எடுப்பது: கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் (அதிலும் இரண்டு வயதுக்குள் கூடுதல்), 60-65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், மிகுந்த உடல் பருமன் உள்ளவர்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் தங்களுக்காகவும் நோயாளிகளுக்காகவும் போட்டுக்கொள்ள வேண்டியவர்கள்.

சென்னை வீடுகளில் இந்தப் பட்டியலுக்குள் ஒருவராவது வராமல் இருப்பது அபூர்வம். சர்க்கரை ஒன்றே போதும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போடவே முடியாது. ஆனால் ஃப்ளூ வந்தால் அதிகம் தவிப்பது அந்தக் குழந்தைதான். அதற்கு வழி இரண்டு. ஒன்று, அம்மா கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொள்வது. எந்த மாதமானாலும் போடலாம். அம்மாவிடம் உருவாகும் எதிர்ப்பு சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பிறந்த முதல் சில மாதங்கள் காக்கும். கர்ப்பிணி மழைக்காலம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கக்குவான் இருமலுக்கான டீடாப் ஊசி போடும் நாளிலேயே இதை மறு கையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது வழி, குழந்தையைத் தூக்கப் போகிறவர்கள் போட்டுக்கொள்வது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள் என்றால், குழந்தையைக் குளிப்பாட்டப் போகும் பாட்டி, தாத்தா, பள்ளிக்கூடம் போகும் மாமன் பிள்ளை என்று அந்த வீட்டில் இருப்பவர்கள்தான் குழந்தையைக் காக்கும் வட்டம். பிரசவத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலாவது அவர்கள் முடித்திருக்க வேண்டும். வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே இதற்கும் ஒரு நாள் குறித்துவிட்டால் மறக்காது.

பணம் எல்லோருக்கும் போதாதபோது

ஊசியின் பெட்டி விலை பிராண்டைப் பொறுத்துச் சுமார் 1,500 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய் வரை. டாக்டர் கட்டணம் தனி. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் பத்தாயிரத்தை எட்டிவிடும். எல்லோருக்கும் போட முடியாது என்பதற்காக யாருக்கும் போடாமல் விடும் வீடுகள் நிறைய. அப்படி விட வேண்டாம்.

தண்டையார்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரையும் ஆஸ்துமாவும் உள்ள ஆயா, வேலைக்குப் போகும் கணவன், மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை, ஏழாம் வகுப்புப் பையன். கையில் ஆறாயிரம் ரூபாய், ஊசி ஒன்று டாக்டர் கட்டணத்தோடு இரண்டாயிரம். முதல் ஊசி ஆயாவுக்கு. இதில் இரண்டாவது பேச்சு வேண்டாம். அடுத்தது மூன்று வயதுக் குழந்தைக்கு. ஆனால் எட்டு வயது வரையிலான குழந்தைக்கு வாழ்நாளில் முதல் முறையாகப் போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. அங்கேயே நாலாயிரம் போய்விடும், மொத்தமும் தீர்ந்தது. அடுத்த ஆண்டு அதே குழந்தைக்கு ஒரு ஊசி போதும் என்பதால், மிச்சப்படும் பணத்தில் அம்மாவையோ பையனையோ சேர்க்கலாம். பெரியவர்களுக்கும் ஒன்பது வயது நிறைந்த பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒன்றுதான்.

ஆறாயிரம் இல்லை, நாலாயிரம்தான் இருக்கிறது என்றால்? குழந்தைக்கு ஒரே ஒரு ஊசி போட்டு நிறுத்துவது அரைகுறை வேலை. முதல் ஆண்டில் ஒன்று மட்டும் போட்டால் பாதுகாப்பு சரியாக வராது. அதைவிட ஆயாவுக்கு ஒன்று, ஆயாவோடு நாள் முழுக்க இருப்பவருக்கு ஒன்று என்று போடுவது மேல். ஆயாவைப் பார்த்துக்கொள்பவர் மருமகளா, மகனா என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும். கீமோதெரபியில் இருப்பவர், உறுப்பு மாற்றியவர் உள்ள வீட்டில் இந்த 'கூட இருப்பவர்' ஊசிக்கு மதிப்பு இன்னும் அதிகம். அவர்களுடைய உடம்பு ஊசியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளாது, சுற்றியிருப்பவர்கள்தான் வேலி.

எப்போது போடுவது, எந்தப் பெட்டி

ஃப்ளூ வைரஸ் வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதால் ஊசியும் ஆண்டுதோறும் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி வகைகளைத் தேர்ந்தெடுக்கிறது. பிப்ரவரியில் வடகோள நாடுகளுக்கும், செப்டம்பரில் தென்கோள நாடுகளுக்கும். பிப்ரவரியில் முடிவானது கடைக்கு வருவது செப்டம்பரை ஒட்டி. செப்டம்பரில் முடிவானது அடுத்த ஏப்ரல், மே வாக்கில். இந்தியச் சந்தையில் இரண்டும் கிடைக்கும். பெட்டியில் என்.எச். (வடகோளம்) என்றோ எஸ்.எச். (தென்கோளம்) என்றோ ஆண்டோடு அச்சிட்டிருக்கும்.

சென்னையில் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் ஃப்ளூ உண்டு. மழையோடு அது ஏறும். வட இந்தியாவுக்கு ஜூலை, ஆகஸ்ட் மழை என்றால், நமக்கு அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. சில ஆண்டுகளில் மழை ஓய்ந்து ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு அலை வரும். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை அப்படித்தான் வந்தது. ஊசியின் காப்பு மாதங்கள் போகப்போகத் தேய்வதால், வெகு முன்னதாகப் போட்டாலும் வீண். சென்னைக்கு எங்கள் பரிந்துரை, ஆவணி தொடங்கிப் புரட்டாசி நடுவுக்குள். அதாவது ஆகஸ்ட் பின்பாதியிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள். குழந்தைக்கு இரண்டு ஊசி என்றால் ஆகஸ்டிலேயே ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது ஊசி நாள் அடைமழையில் வந்து நிற்கும், அப்போது குழந்தைக்குச் சளியும் இருக்கும், தள்ளிப்போகும், அப்படியே மறந்தும் போகும்.

ஆகஸ்டில் கடையில் தென்கோளப் பெட்டி இருக்கிறது, புதிய வடகோளப் பெட்டி இன்னும் வரவில்லை என்றால் என்ன செய்வது? ஆபத்து உள்ளவர் காத்திருக்க வேண்டாம், இருப்பதைப் போடலாம். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு வகைதான் மாறியிருக்கும், சில ஆண்டு அதுவும் மாறாது. ஆனால் செப்டம்பர் கடைசியில் போய், நவம்பரில் காலாவதியாகும் பழைய சீசன் பெட்டியை வாங்கக் கூடாது. காலாவதித் தேதி தாண்டவில்லை என்பதால் மட்டும் ஊசி இந்த ஆண்டுக்கு உரியதாகிவிடாது.

இன்ஃப்ளுவாக் டெட்ரா, ஃப்ளூகுவாட்ரி, வாக்ஸிஃப்ளூ-4 போன்ற பெட்டிகள் நான்கு வகை அடங்கியவையாக வந்தன. எச்1என்1, எச்3என்2, பி விக்டோரியா, பி யமகாட்டா. இதில் யமகாட்டா 2020 மார்ச்சுக்குப் பிறகு ஊரில் சுற்றுவதாக எங்கும் உறுதியாகவில்லை, அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. ஆகவே மூன்று வகை ஊசி கொடுத்தால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பிராண்டுக்காகக் கடை கடையாக அலைவதும் வீண் வேலை; இந்த ஆண்டுப் பெட்டியா, குளிரில் இருந்ததா, இந்த இரண்டும்தான் முக்கியம்.

வெளிநாட்டில் பேரப்பிள்ளையைப் பார்க்க டிசம்பரில் கிளம்பும் பெரியவர்கள், விமானத்துக்கு இரண்டு வாரம் முன்பு அந்த ஆண்டு வடகோள ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது. அங்கே அப்போதுதான் ஃப்ளூ உச்சத்தில் இருக்கும். ஹஜ் பயணம் போகிறவர்களுக்கும் இதே இரண்டு வாரக் கணக்குதான்.

யார் போடக் கூடாது, யார் தள்ளிப்போட வேண்டும்

முன்பு இதே ஊசியில் மூச்சுத் திணறல், முகவீக்கம் என்று கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் போடக் கூடாது. ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன் பாரி என்ற, கை கால்களை வலுவிழக்கச் செய்யும் நரம்பு நோய் வந்திருந்தால், நரம்பியல் டாக்டரிடம் கேட்காமல் திரும்பப் போடக் கூடாது. அந்த நோய் ஊசியால் வரும் வாய்ப்பு பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு. 101 டிகிரி காய்ச்சலோடு இருப்பவர் காய்ச்சல் இறங்கும்வரை தள்ளிப்போடலாம். வெறும் மூக்கொழுகலுக்குத் தள்ள வேண்டாம்.

சென்னையில் கிடைக்கும் ஊசிகள் பொதுவாகக் கருவுற்ற கோழி முட்டையில் வைரஸை வளர்த்துச் செய்பவை. இதனால் இரண்டு கேள்வி எழும். முட்டை சாப்பிட்டால் ஒவ்வாமை உள்ளவர் போடலாமா என்றால், போடலாம்; எஞ்சியிருக்கும் முட்டைப் புரதம் மிகமிகச் சொற்பம், தனி முன்னெச்சரிக்கை தேவையில்லை என்பதே இப்போதைய நிலை. ஆனாலும் ஒவ்வாமையைச் சமாளிக்கும் வசதி உள்ள கிளினிக்கில் போட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை. முட்டையே தொடாத சைவக் குடும்பங்களின் கேள்வி வேறு, அது மனசு சம்பந்தப்பட்டது. முட்டையில் வளர்த்துச் செய்தது என்பதை மறைக்காமல் அவர்களிடம் சொல்லி, முடிவை அவர்களிடமே விடுவதுதான் முறை. பாட்டிக்குத் தெரியாமல் போட்டுவிட்டுப் பிறகு தெரியவந்தால், அடுத்த ஆண்டு எந்த ஊசிக்கும் கை நீட்ட மாட்டார்.

மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். கர்ப்பிணிக்கும், எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கும், ஆஸ்துமா உள்ள சின்னக் குழந்தைக்கும் அது ஆகாது. கையில் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஆகவே அந்த ஊசியே ஃப்ளூவை உண்டாக்காது. போட்ட அன்றும் மறுநாளும் கை வலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல் வரலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை நிறுத்த வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் மெல்லிய ஊசியில் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். கீமோதெரபி நடந்துகொண்டிருந்தால் எந்தச் சுற்றுக்கு நடுவே போடுவது என்று அந்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஊசி போடும் நாள்

கிளினிக்கிலேயே ஊசி இருப்பு வைத்திருக்கும் இடத்துக்குப் போவதுதான் முதல் உத்தி. முதல் நாளே போன் செய்து, "இந்த வருஷ ஃப்ளூ ஊசி இருக்கா, எந்த மாசம் காலாவதி?" என்று கேளுங்கள். குழந்தைகள் டாக்டர்களிடம் பெரும்பாலும் இருக்கும்; பல இடங்களில் தாத்தா பாட்டிக்கும் அங்கேயே போட்டுவிடுவார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கி எடுத்துப்போகச் சொன்னால் கவனம் வேண்டும். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னை வெயிலில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. உறைந்து திரும்ப உருகிய ஊசி பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் குப்பைக்குத்தான் போக வேண்டும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுக்கும் பழக்கம் இங்கே உண்டு. அதுதான் உறைய வைக்கும். ஐஸ் பேக்கைத் துணியிலோ தாளிலோ சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் ஊசிப் பெட்டி அதைத் தொடாதபடி வையுங்கள். கிளினிக்குக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி நேராகப் போங்கள். வழியில் காய்கறி வாங்க நிற்காதீர்கள். ஏதாவது காரணத்தால் வீட்டில் வைக்க நேர்ந்தால் ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில் வையுங்கள். கதவிலோ, ஃப்ரீஸரை ஒட்டியோ கூடாது. நீண்ட நேரம் மின்வெட்டு இருந்த அன்று, கடையில் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

போடும் முன் பெட்டியை வாங்கிப் பாருங்கள். ஆண்டு, காலாவதித் தேதி, பேட்ச் எண். 'பேட்ச் எண்ணைக் கார்டில் எழுதுங்க டாக்டர்' என்று கேளுங்கள். சிரிஞ்சில் உள்ள ஸ்டிக்கரையே உரித்து ஒட்டித் தருவார்கள். பெரியவருக்கு 0.5 மில்லி. பெரும்பாலான பிராண்டுகளில் ஆறு மாதக் குழந்தைக்கும் முழு 0.5 மில்லிதான். முன்பு சின்னக் குழந்தைக்குப் பாதி அளவு போடும் வழக்கம் இருந்ததால், சில இடங்களில் இன்னும் பாதியோடு நிறுத்துவார்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் அளவு அச்சிட்டிருக்கும், சரிபார்க்கலாம்.

போடும் இடம் பெரியவருக்கு மேற்கைத் தசை, தோள் எலும்பு முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறம். புட்டத்தில் போடச் சொல்லாதீர்கள். அங்கே கொழுப்பில் இறங்கிப் பலன் குறையும். பெண்களுக்கு ஒரு சின்ன விஷயம் பெரிய தொந்தரவாக முடியும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்ட முடியாமல், கழுத்துப் பக்கமிருந்து தோளை இறக்கிக் காட்டுவார்கள். அப்போது ஊசி தசைக்குப் பதில் மூட்டுக்கு அருகே ஏறும், கையைத் தூக்க முடியாத வலி மாதக்கணக்கில் நிற்கலாம். தளர்வான கை வைத்த ரவிக்கையோ நைட்டியோ போட்டுப் போங்கள். கையைத் தொங்கவிட்டு, தசையைத் தளர்த்தி உட்காருங்கள்.

போட்ட பிறகு 15 நிமிடம் அங்கேயே இருங்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். பத்தியம் கிடையாது. தலைக்குக் குளிக்கலாம். போட்ட இடத்தை எண்ணெய் வைத்துத் தேய்க்க வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்; வலித்தால் ஈரத்துணி போதும். குழந்தைக்கு இரண்டாவது ஊசி உண்டு என்றால், கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் போனில் நான்கு வாரம் கழித்து நினைவூட்டல் வைத்துவிடுங்கள். நாள் தவறிப் போனாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. தாமதமாக இரண்டாவதைப் போட்டால் போதும்.

போட்டாலும் போடாவிட்டாலும் காய்ச்சல் வந்தால்

வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் ஒரு திட்டம் தேவை. கபசுரக் குடிநீரோ நிலவேம்போ குடிப்பது உங்கள் விருப்பம்; ஆனால் அதை நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளக் கூடாதவர்கள், மேலே சொன்ன ஆபத்துப் பட்டியலில் இருப்பவர்கள்.

மத்திய சுகாதார அமைச்சகம் ஃப்ளூவை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் ஏ. பரிசோதனையும் வேண்டாம், ஃப்ளூ மாத்திரையும் வேண்டாம். வீட்டில் ஓய்வு, பாராசிட்டமால், மற்றவர்களிடமிருந்து ஒதுங்கியிருத்தல். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, நோயாளி ஆபத்துப் பட்டியலில் இருந்தாலோ பி. இங்கேதான் ஃப்ளூ வைரஸை அடக்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரை. பெரியவருக்கு 75 மில்லிகிராம், காலை மாலை, ஐந்து நாள். குழந்தைக்கு எடையைப் பொறுத்து, சிறுநீரக நோயாளிக்கு அளவு குறைத்து. காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். சர்க்கரை உள்ள அம்மாவுக்கு வியாழன் காலை காய்ச்சல் என்றால், திங்கள் வரை பார்க்கலாம் என்று விடாமல் வெள்ளிக்கிழமையே டாக்டரைப் பாருங்கள். சீட்டில்லாமல் கடையில் வாங்கும் அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக்; அது ஃப்ளூவை ஒன்றும் செய்யாது.

டெங்குவா ஃப்ளூவா என்று தெளிவாகும்வரை புரூஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். ரத்தக்கசிவை அவை கூட்டும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், உதடோ நகமோ நீலம் பாய்தல், குழப்பமாகப் பேசுதல், விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் 94-க்குக் கீழ் வருதல் என்றால் அது சி. 108-க்குக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிதான், கிளினிக் இல்லை. போவதா வேண்டாமா என்று சந்தேகமானால் 104-இல் கேட்கலாம். குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: இரண்டு மாதத்துக்குள் 60-க்கு மேல், ஒரு வயதுக்குள் 50-க்கு மேல், ஐந்து வயதுக்குள் 40-க்கு மேல் போனாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.